வைரசுக்குச் சாதி தெரியாது, வார்டுக்குத் தெரியும்

"வைரசுக்குச் சாதி கிடையாது, மதம் கிடையாது, ஏழை பணக்காரன் கிடையாது." 2020-ல் இதைச் சொல்லாத அமைச்சர் இல்லை, அதிகாரி இல்லை, நடிகர் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வைரஸ் தானாக நடந்து யாரிடமும் போவதில்லை. ஒருவர் மூச்சிலிருந்து இன்னொருவர் மூச்சுக்குப் போகிறது. யாருடைய மூச்சுக்கு அருகில் யார் நிற்பது, எத்தனை மணி நேரம் நிற்பது, முகத்தில் எதைக் கட்டிக்கொண்டு நிற்பது என்பதையெல்லாம் வைரஸ் முடிவு செய்வதில்லை. செய்கிற வேலை முடிவு செய்கிறது. வாங்குகிற கூலி முடிவு செய்கிறது. குடியிருக்கும் வீட்டின் அளவு முடிவு செய்கிறது. இந்த மூன்றையும் இந்த நாட்டில் எது முடிவு செய்கிறது என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் தோழர்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரெட்டியார்பாளையத்தில் கூடிப் பேசும் எங்கள் வட்டத்தில் செவிலியர் உண்டு, செவிலியர் படிப்பு படிக்கும் தங்கைகள் உண்டு, மருத்துவமனைகளில் கூட்டிப் பெருக்கும் அம்மாக்களின் பிள்ளைகள் உண்டு. பெருந்தொற்று வந்து போய்விட்டது, இனி எதற்கு அந்தப் பேச்சு என்று சிலர் கேட்கிறார்கள். அடுத்தது வரும் என்பதால்தான் பேசுகிறோம். "பாதுகாப்பாக இருங்கள்" என்ற சுவரொட்டியை மீண்டும் ஒட்டுவார்கள். யாருடைய பாதுகாப்பு, யாருடைய செலவில் என்று கேட்க நாம் அப்போது தயாராக இருக்க வேண்டும்.

கைதட்டலும் கணக்கும்

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்குக் கைதட்டினார்கள், தட்டுகளை அடித்தார்கள். ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு விளக்கேற்றினார்கள். மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத்தூவின. பூவைக் கூட்டி அள்ளியது யார் என்று எந்தத் தொலைக்காட்சியும் காட்டவில்லை.

2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசி போடப்பட்டது ஒரு துப்புரவுத் தொழிலாளருக்கு. நாடே பார்த்தது. அடுத்த இரண்டே வாரத்தில், பிப்ரவரி தொடக்கத்தில், நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கு வைக்கப்பட்டது. கோவிட்டில் இறந்த மருத்துவர்கள் 162, செவிலியர்கள் 107, ஆஷா பணியாளர்கள் 44. மருத்துவர் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு என்று இந்திய மருத்துவச் சங்கம் உடனே மறுத்தது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, பட்டியல் இருந்தது, மறுக்க முடிந்தது. துப்புரவுத் தொழிலாளருக்கு அந்தக் கணக்கில் தனி வரிசையே இல்லை. முதல் ஊசிக்குத் தேடிக் கண்டுபிடித்தவர்களை, இறந்தோர் பட்டியலுக்குத் தேடவில்லை.

2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை உலகெங்கும் ஏறத்தாழ 1,15,500 சுகாதாரப் பணியாளர்கள் கோவிட்டில் இறந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதுவும் 80,000 முதல் 1,80,000 வரை எதுவாகவும் இருக்கலாம் என்ற மதிப்பீடுதான். பல நாடுகள் ஒழுங்காக எண்ணவில்லை என்பதே இதன் பொருள். எண்ணாமல் விடுவதும் ஓர் அரசியல் என்பது சாதிவாரிக் கணக்கெடுப்புக்காகக் குரல் கொடுக்கும் நமக்குப் புதிதல்ல.

செவிலியருக்குத் தெரிந்த பாதுகாப்பு

சுவரொட்டி மூன்று பாடம் சொன்னது: முகக்கவசம், கைகழுவுதல், இடைவெளி. மூன்றும் சரியான பாடம்தான். ஆனால் செவிலியர் அவற்றை வேறு விதமாகப் படித்தார்கள்.

முதலில் காற்று. 2020 மார்ச் இறுதியில் இந்த நோய் காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னது. மூடிய அறையில் நுண்துளிகள் மிதந்து தொற்றும் என்பதை அதே நிறுவனம் தெளிவாக எழுத 2021 ஏப்ரல் இறுதி ஆயிற்று. இடைப்பட்ட 13 மாதம் ஊரெல்லாம் சாலையில் கிருமிநாசினி தெளித்துக் கொண்டிருந்தது. சன்னல் திறக்காத வார்டில் 40 பேர் இருமும்போது ஆபத்து தரையில் இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது என்று வார்டில் நின்றவர்கள் உணர்ந்தார்கள். அவர்களைக் கேட்டு விதி எழுதியவர் யார்?

அடுத்தது முகக்கவசம். என்95 என்றால், 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுப்பது. அதுவும் முகத்தோடு ஒட்டி அமர்ந்தால்தான். மூக்கோரம் இடைவெளி இருந்தால் அது வெறும் துணி. வால்வு வைத்த என்95 அணிபவரைக் காக்கும், எதிரில் இருப்பவரைக் காக்காது. அதைத் தவிர்க்கச் சொல்லி ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2020 ஜூலையில்தான் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. முழு உடல் கவசத்தில் ஆபத்தான நேரம் போடும் நேரமல்ல, கழற்றும் நேரம். கையுறையின் வெளிப்புறம் தோலில் படாமல் உரிக்க வேண்டும். முகக்கவசத்தைக் கடைசியாக, முன்பக்கம் தொடாமல், நாடாவைப் பிடித்து எடுக்க வேண்டும். 6 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிவறைக்குப் போகாமல், மாதவிடாய் நாளிலும் அந்தப் பிளாஸ்டிக் உடைக்குள் வெந்து, தலைசுற்றும் நிலையில் இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். களைப்பில் கை தவறினால் அது தனிமனித அலட்சியம் என்று பெயர் வாங்கும். இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிய நிர்வாகத்துக்கு அலட்சியம் என்ற பெயர் வராது.

அந்தக் கவசம் எப்படிப் பங்கிடப்பட்டது? எங்கள் தோழி ஒருவர் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் மருத்துவருக்கு என்95, செவிலியருக்கு மூன்றடுக்கு முகக்கவசம், வார்டைத் துடைக்கும் அம்மாவுக்கு அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டு. மூவரும் நின்றது ஒரே காற்றில். நோயாளியின் வாந்தியை அள்ளியவர், மலச்சட்டியை எடுத்தவர், பயன்படுத்திய கவசங்களை மஞ்சள் பையில் கட்டியவர் அந்தத் துண்டு கட்டிய அம்மாதான். ஆபத்து கீழே இறங்க இறங்கக் கூடியது, பாதுகாப்பு கீழே இறங்க இறங்கக் குறைந்தது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் பெயரிட்டதை நாம் நூலில் படிக்கிறோம். மருத்துவமனையில் அதை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

செவிலியர் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவர் உங்களை "சிஸ்டர், இங்க வா" என்று ஒருமையில் கூப்பிடும்போது உங்களுக்கு வலிக்கிறது. அதே நீங்கள் உங்களைவிட 20 வயது மூத்த துப்புரவுப் பணியாளரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்று அழைக்கும்போது அவருக்கும் வலிக்கிறது. நமக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலில்தான் சாதி உயிர் வாழ்கிறது.

"சமூக இடைவெளி" என்ற பழைய சொல்

நோய் தடுக்கத் தேவைப்பட்டது உடல்களுக்கு இடையே தூரம். அதற்கு நம் அரசுகள் வைத்த பெயர் "சமூக இடைவெளி". உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அந்தச் சொல்லைக் கைவிட்டு, உடல் இடைவெளி என்று சொல்லத் தொடங்கியது. சமூகமாகச் சேர்ந்திருங்கள், உடலால் தள்ளியிருங்கள் என்பது அதன் விளக்கம். நமக்கோ சமூக இடைவெளி புதிய மருந்தல்ல, ஊருக்கும் சேரிக்கும் நடுவே நெடுங்காலமாகக் கிடப்பது அதுதான். அந்த இடைவெளிக்கு மருத்துவச் சான்றிதழ் கிடைத்ததும் சிலருக்கு எவ்வளவு மகிழ்ச்சி! "பார்த்தீர்களா, நம் முன்னோர் தொடாமல் இருந்ததும், கும்பிட்டு நின்றதும் அறிவியல்" என்று வாட்சப்பில் சுற்றியதை மறந்துவிடவில்லை.

அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. நாட்டின் பல ஊர்களில் வாடகை வீட்டிலிருந்து செவிலியரைக் காலிசெய்யச் சொன்னார்கள். குழாயடியில் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கடையில் காசை வாங்க மறுத்தார்கள். 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கோவிட்டில் இறந்தபோது, அவர் உடலைப் புதைக்க விடாமல் கல்லால் அடித்தார்கள். சக மருத்துவரே மண்ணை அள்ளிப் போட்டுப் புதைக்க வேண்டியிருந்தது. வாடகைக்கு வீடு கேட்டால் சாதி கேட்பதும், சுடுகாட்டுப் பாதையை மறிப்பதும் எங்களுக்கு வாழ்க்கை. அந்தச் சில மாதங்கள் மட்டும் எல்லாச் சாதிச் செவிலியரும் மருத்துவரும் அதில் ஒரு வாய் ருசி பார்த்தார்கள்.

அதற்கு மூன்று நாளில் அவசரச் சட்டம் வந்தது. ஏப்ரல் 22. சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் 7 ஆண்டு வரை. அவர்கள் வாழும் சூழலைக் கெடுக்கும் தொல்லையும் குற்றம் என்றது சட்டம். வரவேற்கிறோம். மருத்துவர் உடலுக்கு இடம் மறுத்தால் மூன்று நாளில் சட்டம் வரும் என்றால், எங்கள் பிணங்கள் வயல் வரப்பில் தூக்கிச் செல்லப்படுவதற்கு எத்தனை தலைமுறை காத்திருப்பது என்றும் கேட்கிறோம்.

அதே ஆண்டு ஜூனில் நம் புதுச்சேரியில், கோவிட்டில் இறந்த ஒருவரின் உடலைக் கவச உடை அணிந்த ஊழியர்கள் குழிக்குள் தூக்கி எறிந்த காணொளியை நாடே பார்த்துத் திட்டியது. அது தவறுதான், மாற்றுக் கருத்தில்லை. விசாரணையும் வந்தது. ஆனால் நாங்கள் கேட்பது இது: பிணத்தைக் கயிறு கட்டி இறக்க அவர்களுக்கு யார் பயிற்சி தந்தார்கள்? எத்தனை பேரை அனுப்பினார்கள்? இறந்தவரின் உடலிலிருந்து எவ்வளவு ஆபத்து, எப்படிக் கையாளலாம் என்று யாராவது உட்கார்ந்து விளக்கினார்களா? அறிவைக் கொடுக்காமல் பயத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால் மனிதன் பிணத்தை எறிந்துவிட்டு ஓடத்தான் செய்வான்.

கழிவறையும் நம் ஊரும்

கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் இங்கே கோவிட் மருத்துவமனை ஆனது. ரெட்டியார்பாளையத்திலிருந்து அதிக தூரமில்லை. 2020 ஆகஸ்டில், கழிவறை அசுத்தமாக இருக்கிறது என்று நோயாளிகள் புகார் சொல்ல, அன்றைய சுகாதார அமைச்சர் மல்லாடி கிருஷ்ணாராவ் தானே இறங்கிக் கழுவினார். படம் எல்லா ஊடகத்திலும் வந்தது. அவர் கழுவியது தவறில்லை. ஆனால் ஒருநாள் கழுவிய கை செய்தியானது, தினமும் கழுவும் கைக்கு எத்தனை கையுறை தருகிறார்கள் என்பது செய்தியாகவில்லை. கழிவறை அசுத்தமாக இருந்தால் ஆள் போதவில்லை என்று பொருள். ஆளைப் போடுவது அமைச்சரின் வேலை. துடைப்பத்தோடு நிற்பது அல்ல.

2021 மே மாதம் இரண்டாம் அலையில் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் ஊர் அலைந்தது. அப்போதுதான் பதவியேற்றிருந்த முதல்வர் ரங்கசாமிக்குத் தொற்று வந்ததும் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். நோயாளியாக அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. ஜிப்மர் இருக்கும் ஊரில், இத்தனை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில், முதல்வர் வெளியூர் போகிறார் என்றால், முத்திரப்பாளையத்துக்காரரும் மூலக்குளத்துக்காரரும் எங்கே போவது என்பதே கேள்வி. பெருந்தொற்று முடிவதற்குள் இந்தச் சிறிய யூனியன் பிரதேசம் ஏறத்தாழ 2,000 பேரை இழந்தது.

காற்று விஷமாவதற்கு வைரஸ்தான் வேண்டும் என்றில்லை. 2024 ஜூன் 11 அன்று நம் ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிவறை வழியாக ஏறி 3 பேரைக் கொன்றது. ஒருவர் பள்ளிச் சிறுமி. அவர்கள் எந்த விதியை மீறினார்கள்? கை கழுவவில்லையா? முகக்கவசம் போட்டுக்கொண்டா கழிவறைக்குப் போவது? வீட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பு என்று 2020-ல் சொன்னார்கள். வீட்டுக்குள் இருந்தே செத்தார்கள். அதே குழாய்க்குள் மனிதனை இறக்கிச் சாகடிப்பது 2013 சட்டத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஊர்ச் சாக்கடையில் தொழிலாளி தனியாகச் செத்துக்கொண்டிருந்தபோது நகரம் திரும்பிப் பார்த்திருந்தால், அந்த வாயு வீடுகளுக்குள் வந்திருக்காது. பாதுகாப்பைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ள முடியாது என்பதற்கு நம் தெருவே சாட்சி.

மரத்துக்குக் கீழே நின்றவர்

2021 டிசம்பரில் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது புதுச்சேரி அரசு. அந்த மாதக் கடைசியில் வில்லியனூர் பக்கம் ஒருவர் ஊசிக்குப் பயந்து மரத்தில் ஏறிக்கொண்டார். காணொளியைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். அவரைப் பார்த்த நாம், கீழே நின்ற சுகாதாரப் பணியாளரைப் பார்க்கவில்லை. வெயிலில் தெருத்தெருவாகக் குளிர்ப்பெட்டியைத் தூக்கி நடந்து, ஏச்சு வாங்கி, மரத்தடியில் அண்ணாந்து கெஞ்சியவர்.

இங்கே நம் தோழர்கள் சிலரோடு மோத வேண்டியிருக்கிறது. தடுப்பூசியே சதி, கொரோனாவே பொய் என்று முற்போக்கு வட்டத்திலும் பேசினார்கள். நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்ந்து இறந்ததும் அந்தப் பேச்சு சேரிகளுக்குள் தீயாய்ப் பரவியது. தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் குழு பின்னர் ஆராய்ந்து சொன்னது. அதற்குள் எத்தனை பேர் ஊசியைத் தள்ளிப் போட்டார்கள்! அரசை நம்பாதே என்று சொல்ல நமக்கு ஆயிரம் காரணம் உண்டு. அறிவியலை நம்பாதே என்று சொல்ல ஒன்றுமில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கட்டாயம் வேண்டாம், ஆனால் விளக்கம் வேண்டும். வீடு இடிக்க மட்டும் தெருவுக்கு வரும் அரசு, திடீரென ஊசியோடு வந்தால் மக்கள் மரம் ஏறத்தான் செய்வார்கள். அவர்களை இறக்கக்கூடியது அதே தெருவில் பிறந்து செவிலியர் படித்த பெண்ணின் பேச்சு மட்டும்தான். அவளுக்கு நிரந்தர வேலை கொடுத்திருக்கிறார்களா?

ஒப்பந்தமும் தியாகமும்

தமிழ்நாட்டைப் பாருங்கள். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் வழியாகத் தேர்வெழுதி வந்த ஆயிரக்கணக்கான செவிலியருக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்பது வாக்கு. அந்த வாக்கைக் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் தெருவில் உட்கார்ந்தார்கள். பெருந்தொற்றில் ஆள் தேவைப்பட்டபோது இன்னும் பலரை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2022 டிசம்பர் 31 அன்று, அப்படி வந்தவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். போராடிய பிறகு மாற்றுப் பணி என்றார்கள், அதுவும் தற்காலிகம். கடவுள், தேவதை, முன்களப் போராளி என்ற பட்டங்கள் எல்லாம் ஒப்பந்தத்தின் கடைசித் தேதி வரைதான்.

கேரளத்தில் 2018 மே மாதம் நிபா நோயாளியைக் கவனித்து, அதே நோயில் இறந்தார் பேராம்பிரா அரசு மருத்துவமனைச் செவிலியர் லினி. அவருக்கும் நிரந்தரப் பணி இல்லை. இறந்த பிறகு உலகமே வணங்கியது. அதற்கும் முன்னே, 1897-ல் புனேயில் பிளேக் பரவியபோது, நோயுற்ற மகர் சிறுவனைத் தோளில் சுமந்து தன் மகன் யஷ்வந்த் நடத்திய மருத்துவ முகாமுக்குக் கொண்டுசேர்த்தார் அன்னை சாவித்திரிபாய் புலே. அந்தத் தொற்றிலேயே மார்ச் 10 அன்று இறந்தார். தொடக்கூடாது என்று சமூகம் ஒதுக்கிய குழந்தையைத் தொட்டுத் தூக்கியதுதான் இந்த மண்ணின் உண்மையான செவிலியப் பாரம்பரியம். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் வெள்ளை அரசு தொற்றுநோய்ச் சட்டம் போட்டது. மக்களை அடைக்க அதில் அதிகாரம் இருந்தது. கவனித்துக்கொள்பவரைக் காக்க ஒரு வரி வர 123 ஆண்டு ஆனது.

அன்னையை வணங்குகிறோம். ஆனால் எங்கள் தங்கைகளிடம் தியாகம் கேட்காதீர்கள். அவர்களுக்குச் சிலை வேண்டாம், சரியான அளவில் முகக்கவசம் வேண்டும்.

எண்ணு, கேள், சேர்

இங்கிலாந்தில் கோவிட்டில் இறந்த முதல் 10 மருத்துவர்களும் வெள்ளையர் அல்லாதவர்கள். அங்கேயும் வைரசுக்கு நிறம் தெரியாது என்றுதான் சொன்னார்கள். ஆனால் இனவாரியாக எண்ணினார்கள். வங்கதேச வம்சாவளியினருக்கு வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு மரண ஆபத்து என்று 2020 ஜூனில் அரசு அமைப்பே அறிக்கை வெளியிட்டது. எண்ணியதால் கேள்வி கேட்க முடிந்தது. இங்கே மருத்துவமனைத் துப்புரவில் எந்தச் சாதியினர் வேலை செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், எந்த ஏட்டிலும் இருக்காது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்: அடுத்த பெருந்தொற்றில் மருத்துவமனைக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும், பதவி பார்க்காமல், செய்யும் வேலையின் ஆபத்தைப் பார்த்து ஒரே தரக் கவசம். அதை அணியவும் கழற்றவும் ஊதியத்தோடு பயிற்சி. வார்டுகளில் காற்றோட்டம். செவிலியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் நிரந்தரப் பணி. 2020-ல் அறிவித்த 50 லட்சம் ரூபாய் காப்பீடு போன்றவை ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பெயர்ப் பட்டியலோடு வெளிப்படையான கணக்கு. இறந்த பணியாளர் கணக்கில் துப்புரவுத் தொழிலாளருக்குத் தனி வரிசை.

மாணவத் தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. வீட்டில் காய்ச்சல் வந்தால் சன்னலைத் திறந்து வைக்கவும், ஓரறை வீட்டில் நோயாளியைச் சன்னலோரம் படுக்க வைக்கவும், பார்த்துக்கொள்பவர் ஒருவர் மட்டும் இறுக்கமான முகக்கவசத்தோடு இருக்கவும் தெருவுக்குக் கற்றுக்கொடுங்கள். பயன்படுத்திய முகக்கவசத்தைத் தெருவில் எறியாதீர்கள். காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்து, வெட்டிப் போடச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே விதி தந்தது. எறிந்தால் அதைக் கையால் எடுப்பது நம் வீட்டு அம்மாதான். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே வேலை செய்பவர்களில் யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம், யாரை எந்த ஏஜென்சி அனுப்பியது, யாருக்கு எத்தனை கையுறை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான். நோய் வந்த பிறகு கேட்டால் "இப்போது அரசியல் பேசாதீர்கள்" என்பார்கள். இப்போது நோய் இல்லை. இப்போதே கேட்போம்.

ஜெய் பீம்!